வேறு சிறப்புக் காரணம்

டோக்கன் எண் ஆறு. உள்ளே இப்போது நான்காம் எண் போயிருந்தது. மங்களேஸ்வரி மடியிலிருந்த நீல ஃபைலின் நாடாவை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். மருத்துவமனையின் இரண்டாம் மாடி வராந்தாவில் பத்து இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் போட்டிருந்தார்கள். யாராவது ஒருவர் கால் மாற்றிப் போட்டால் பத்தும் அசைந்தன. இன்னும் அரை மணி நேரத்தில், அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் அவளிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறார்கள். காலையிலேயே ஆபீஸ் பெண் சொல்லிவிட்டாள். “உங்க ஓரகத்திக்கு எதுக்காகக் கிட்னி குடுக்குறீங்கன்னு கேப்பாங்க மேடம். பாசத்துலன்னு சொல்லிருங்க. அதோட விட்டுருவாங்க.” தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்கள், புருஷன் பெண்டாட்டி, பெற்ற பிள்ளை என்றால் இந்தக் குழு முன்னால் வர வேண்டியதே இல்லை. ஓரகத்தி என்பவள் சட்டத்தின் கண்ணுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. அதனால் பின்னால் ஏதாவது பேரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேரம் எதுவும் இல்லை, அந்தப் பயம் மங்களேஸ்வரிக்கு இல்லை. பாசமும் இல்லை என்பதுதான் சங்கடம்.

நாகரத்தினம் என்ற பெயரைக் கேட்டால் அவளுக்கு முதலில் வருவது நெஞ்சில் ஒரு சின்ன இறுக்கம், முகம் அதற்குப் பிறகுதான். புருஷனின் தம்பி பெண்டாட்டி, ஆறு வயது இளையவள், வாய் நிறைய ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவள். கூப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மானாமதுரையில் நாத்தனார் மகன் கல்யாணம். மண்டபத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெற்றிலைத் தட்டோடு உள்ளே நுழையப்போன மங்களேஸ்வரி வாசல் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள், ஏனென்றால் உள்ளே அவள் பெயர் அடிபட்டது. “மங்களம் அக்காவா? ஆதாயம் இல்லாம அவங்க சிரிக்கக்கூட மாட்டாங்க.” ரத்தினத்தின் குரல். எல்லோரும் சிரித்தார்கள், பூக் கட்டிக்கொண்டே, கை நிற்காமல். கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறொன்று, அது என்ன என்று இன்றைக்கும் அவளுக்குத் தெளிவில்லை, கிட்டத்தட்ட ஒரு ஆர்வம். அது நிஜமா? அன்றைக்கு முழுக்க அவள் தன் சிரிப்புகளைக் கவனித்தாள். சம்பந்தி அம்மாளைப் பார்த்துச் சிரித்தது, நாளைக்கு அவர்கள் ஊருக்குப் போனால் நல்லபடியாக நடத்துவார்களே என்று. அவள் வேலை பார்க்கிற பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸின் தங்கை வந்திருந்தாள், அவளைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் கேட்கவே வேண்டாம். யாருடையதோ ஒரு கைக்குழந்தை, அதைப் பார்த்துச் சிரித்தது கூட, குழந்தை திரும்பச் சிரிக்குமா என்று பார்க்கத்தான். திரும்பச் சிரித்தது. அப்படியானால் அதுவும் வரவுதானா? சாயங்காலத்துக்குள் முகம் இறுகிப்போய், யாரைப் பார்த்தும் சிரிக்க முடியாமல் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு இந்த ஒன்பது வருஷமும் ரத்தினத்தோடு ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’, ‘போயிட்டு வரேன்’. அவ்வளவுதான். இப்போது அவளுக்கே தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பது, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தானோ? பாருடி, ஆதாயம் இல்லாமல் நான் என்னவெல்லாம் செய்வேன் என்று? அப்படியிருந்தால் அது எவ்வளவு பெரிய ஆதாயம். செத்தாலும் ரத்தினத்தால் திரும்ப வாய் திறக்க முடியாதே. ஆனால் ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல ஒருத்தி வயிற்றைக் கிழித்துக்கொள்வாளா? கிழித்துக்கொள்கிறவர்கள் உண்டு. தான் அந்த ரகமா என்று மங்களேஸ்வரி தன்னையே ஓரக்கண்ணால் பார்த்தாள். பிடிபடவில்லை.

கதவு திறந்தது. வெளியே வந்தது ஒரு வயசான மனிதர், கையெடுத்துக் கும்பிட்டபடியே பின்னால் நடந்து வந்தார். “அஞ்சு,” என்றார் அட்டெண்டர். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எழுந்தார்கள், மற்ற நாற்காலிகள் அசைந்தன. மங்களேஸ்வரி அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டாள். இது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் அதற்கு அவளிடம் பதில் உண்டு, ஆனால் அந்த ஐந்து பேரிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. பரமக்குடி பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக அவள் ஆய்வக உதவியாளர். செய்முறை வகுப்பில் ஆசிரியர் முன்னால் நின்று பாடம் சொல்வார். அவள் கடைசி மேசைக்குப் பின்னால் நின்று குடுவை கழுவுவாள், பர்னர் பற்றவைப்பாள். ஆசிரியர் கேள்வி கேட்பார். நாற்பது பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவளுக்குப் பதில் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்குப் பதில் தெரியும், யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அப்படி இருக்கும்போது போன மாசி மாதம் ரத்தினத்தைப் பார்க்க இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பார்க்காமல் இருந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்பதற்காக வந்தாள். டாக்டர் குடும்பத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ரத்தினத்தின் அண்ணன் முடியாது என்றுவிட்டான், அம்மா இல்லை, புருஷனுக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை, மங்களேஸ்வரியின் புருஷன் கதிரேசனுக்குச் சர்க்கரை. “இந்த வகைக்கு யார் குடுக்கலாம்னா, ஒண்ணு அதே வகையா இருக்கணும், இல்லன்னா…” என்று டாக்டர் நிறுத்தி, சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். “ஓ பாசிட்டிவ்,” என்றாள் மங்களேஸ்வரி. டாக்டர் திரும்பினார். “உங்களுக்கா?” “ஆமா,” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. பதில் தெரிந்தது, சொன்னாள். அறையில் இருந்த எல்லோருடைய முகமும் தன் பக்கம் திரும்பிய பிறகுதான், தான் சொன்னது பதில் மட்டும் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. அப்போது, ஐயோ, சும்மா சொன்னேன் என்று சிரித்துவிட்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை? வெட்கமா? அல்லது நாற்பது தலைகள் குனிந்திருக்க முதல் முறையாகத் தன் குரல் வெளியே கேட்டதில் ஒரு சந்தோஷமா? அதுதான் காரணமென்றால் இரண்டு சிறுநீரகத்தில் ஒன்று, ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன சந்தோஷத்துக்குப் போகிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிக்காமல் யோசிக்கக்கூடியவர் இன்னாசிமுத்து சார் ஒருவர்தான், வேதியியல் ஆசிரியர், எதையும் கடைசி வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. விஷயம் தெரிந்த அன்றைக்கே ஆய்வகத்துக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உலகத்துல எவனும் அடுத்தவனுக்காக ஒண்ணும் செய்யிறதில்ல. தாய் பிள்ளைக்குப் பால் குடுக்குறான்னா, குடுக்கலன்னா அவளுக்கு மார் கட்டிக்கும். நீங்க குடுக்குறீங்கன்னா, அதுல உங்களுக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்திக்காகத்தான் குடுக்குறீங்க.” “திருப்தியா? வயித்தக் கலக்குது சார்,” என்றாள். “அதுக்கு அடியில எங்கயாவது இருக்கும். தேடிப் பாருங்க.” தேடினாள், அதுதான் வேடிக்கை. குளித்துக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, காணாமல்போன கம்மலைத் தேடுகிற மாதிரி மனசுக்குள் குனிந்து குனிந்து தேடினாள். மூன்றாம் நாள் கிடைத்தது. எதிர்வீட்டு வசந்தா வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீங்க மனுசியே இல்லக்கா, தெய்வம்,” என்றபோது உள்ளே சூடாக ஒன்று இறங்கியது, நெய் மாதிரி. இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டாள். ஆனால் வசந்தா படியிறங்கிப் போவதற்குள் அது கரைந்துவிட்டது; அதற்குப் பிறகு வந்தவர்கள் அதையே சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. இன்னாசிமுத்து சாரிடம் அப்படியே சொன்னாள். அவர் விடவில்லை. “அந்த எரிச்சல் இருக்கே, அதுவும் ஒரு பெருமைதான். புகழ்ச்சி வேணாங்குற பெருமை.” அன்றைக்கு அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அமில பாட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ நீல லிட்மஸ் கட்டு ஒன்றை வைத்துவிட்டார்கள், ஆவி பட்டுப் பட்டுக் கட்டு முழுக்கத் தானாகவே சிவந்திருந்தது. இனி அதை எலுமிச்சைச் சாற்றில் முக்கினாலும் சிவப்பு, பச்சைத் தண்ணீரில் முக்கினாலும் சிவப்பு. குப்பைத் தொட்டியில் போடப்போனவள் நின்று, “சார், இத வச்சு என்ன கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்டாள். “ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. தூக்கிப் போடுங்க,” என்றார். “உங்க சுயநலமும் இப்படித்தான சார் இருக்கு? கொலைகாரனும் சிவப்பு, பால் குடுக்குறவளும் சிவப்பு.” அவர் சிரித்தார். “ஆனா அக்கா, திருப்தி வரும்ல?” என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

வரும். வரலாம். அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் பசிக்கும்போது சோறுதான் வேண்டும். சாப்பிட்ட பிறகு திருப்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, கூப்பிடாமல் வருகிற விருந்தாளி மாதிரி. எனக்குத் திருப்தி வேண்டும், அதற்காகச் சோறு போடு என்று யாரும் இலை முன்னால் உட்காருவதில்லை. சோறே வேண்டாதவனுக்கு எந்தத் திருப்தி வரப் போகிறது? அப்படியானால் எனக்கு முதலில் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. திருப்தி அதன் பின்னால்தான் வரும். வேண்டியிருப்பது எது என்பதுதான் தெரியவில்லை, என்று நினைத்து அவள் ஃபைலின் நாடாவை விரலில் சுற்றினாள், விரல் நுனி வெளுத்தது, விட்டாள், சிவந்தது.

“மதினி.” பக்கத்தில் செந்தூர்பாண்டி நின்றுகொண்டிருந்தான், ரத்தினத்தின் புருஷன், அவளுக்குக் கொழுந்தன். இந்த இரண்டு மாதமாக அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துப் பேசுகிறான். “அவளக் கீழ படுக்க வச்சிருக்கேன். மொதல்லயே கேட்டு முடிச்சு அனுப்பிட்டாங்க. உங்களுக்கு டீ வாங்கிட்டு வரட்டா?” “வேண்டாம்ப்பா. கூப்பிட்டுருவாங்க.” அவன் போகவில்லை. “மதினி, உங்களுக்கு மனசு ஒப்பலன்னா…” என்றான், மேலே சொல்லாமல் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மனசு ஒப்பவில்லை என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். பெண்டாட்டி பிழைக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இதை யாரும் சுயநலம் என்று சொல்வதில்லை, பாசம் என்கிறார்கள். அவன் கொடுத்திருந்தால் இந்தக் குழுவே கேட்டிருக்காது. இவனுக்குக் கிடைக்கப் போவது எவ்வளவு பெரிய லாபம், ஆனால் இவனைக் கேட்க மாட்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, என்னைத்தான் கேட்கிறார்கள். “ஒப்பித்தான் வந்திருக்கேன். நீ போய் அவ பக்கத்துல இரு,” என்றாள். அவன் போகும்போது செருப்புச் சத்தம் வராமல் நடந்தான்.

ஒப்பித்தான் வந்திருக்கிறேனா? ஏனென்றால் ஒரு சாவி இருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. போன வாரம் ஹசீனா என்று ஒரு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கொடுக்கிறவர்களுக்காகவே இருக்கிற டாக்டராம். “வீட்ல யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?” “இல்லம்மா.” “பயமா இருக்கா?” “இருக்கு.” “சரி, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்களுக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காரணம் கேக்க மாட்டேன். இவங்க உடம்பு இதுக்கு ஒத்துக்காதுன்னு மட்டும் உங்க குடும்பத்துக்குச் சொல்லுவோம். நீங்களாத்தான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. மயக்க மருந்து குடுக்குற நிமிஷம் வரைக்கும் சொல்லலாம்.” அன்றைக்குப் பரமக்குடி பஸ்ஸில் அந்த வாக்கியத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்த சாவி மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். உடம்பு ஒத்துக்காது. எவ்வளவு லேசாக இருக்கிறது. வசந்தா அதே கையைப் பிடித்துக்கொண்டு, பாவம், கொடுக்கத்தான் போனீங்க என்பாள். செந்தூர்பாண்டி கடைசி வரைக்கும் தலைகுனிந்தே நிற்பான். ரத்தினத்தின் வாயும் அடைபட்டுவிடும். கிடைக்க வேண்டிய பேர் எல்லாம் கிடைத்துவிட்டது, கொடுக்காமலே. வயிறும் கிழியாது. இன்னாசிமுத்து சார் சொல்வது சரியென்றால் இந்த இடத்தில் அவள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், டிக்கெட் இதுவரைக்கும்தான். ஆனாலும் அவள் இறங்கவில்லை, ஏன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்து நிஜமாகவே தன் ஸ்டாப்பைத் தவறவிட்டு அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தாள். பயம் மட்டும் அப்படியே இருந்தது. வருஷா வருஷம் விலங்கியல் வகுப்புக்கு ஆட்டுச் சிறுநீரகம் வாங்கப் போவது அவள்தான். கடைக்காரர் வாழையிலைத் துண்டில் சுற்றித் தருவார், உள்ளங்கைக்குள் அடங்கும், அவரை விதையைப் பெரிதாக்கிய மாதிரி, வழவழவென்று, இன்னும் சூடு ஆறாமல். நீளவாக்கில் வெட்டித் தட்டில் வைப்பாள், பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாற்பத்தேழு வருஷமாகத் தன் விலாவுக்குக் கீழே அப்படி இரண்டு இருப்பதை அவள் நினைத்ததே இல்லை. இப்போது இடது பக்கத்தில் இருப்பதை மட்டும் நினைக்கிறாள், அது தன்னிடம் கோபித்துக்கொண்டிருப்பது போல.

பயத்தை விடப் பெரியது மகள் கேட்டது. யாழினி, கோயம்புத்தூரில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், போனில் ஒரு மணி நேரம் வேறு எதையெல்லாமோ பேசிவிட்டு வைக்கப்போகும்போது கேட்டாள். “அம்மா, நாளைக்கு எனக்கே வேணும்னா?” “உனக்கு எதுக்குடி வரப் போவுது?” “ரத்தினம் சித்திக்கு மட்டும் வரும்னு தெரிஞ்சா இருந்துச்சு?” எல்லாக் கேள்விக்கும் பின் மேசையில் நின்று பதில் தெரிந்து வைத்திருந்தவள் அந்த ஒரு கேள்வி முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைக்காக வைத்துக்கொள்வது சுயநலமா, பாசமா? வைத்துக்கொண்டால் நல்ல தாய். கொடுத்தால் நல்ல ஓரகத்தி. இரண்டும் ஒரே சிறுநீரகம். கதிரேசன் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்ட மனிதர், அவள் போனை வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “அவ கேக்குறது நியாயந்தான மங்களம்,” என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்தும் அது அவளை நிறுத்தவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியாத இடம், யோசனை சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே முள்ளில் சேலை மாட்டிய மாதிரி நின்றது, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது—

“ஆறு,” என்றார் அட்டெண்டர்.

உள்ளே ஏசி குளிரில் நீள மேசை. நடுவில் கண்ணாடி போட்ட பெரியவர், இரண்டு பக்கமும் நான்கு பேர், அதில் பருத்திச் சேலை கட்டிய ஒரு பெண். மங்களேஸ்வரி உட்கார்ந்தாள். பெயர், ஊர், வேலை. யாராவது ஏதாவது தருவதாகச் சொன்னார்களா? இல்லை. யாராவது மிரட்டினார்களா? இல்லை. தொண்டை வறண்டு குரல் கம்மியது. டோக்கனை விட்டுவிடக் கூடாதென்று பாத்ரூம் பக்கம் போகாமலிருக்கக் காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை. பெரியவர் அதைக் கவனித்து, தன் முன்னால் மூடி வைத்திருந்த கண்ணாடி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். “குடிச்சிட்டுச் சொல்லுங்கம்மா. அவங்களுக்கு எதுக்காகக் குடுக்குறீங்க?” பாசம் என்ற சொல் தயாராக நாக்கின் நுனியில் இருந்தது. அவள் டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் அசைந்து, நின்றது. “எனக்கு அவளப் பிடிக்காது சார்,” என்றாள்.

ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். போச்சு, என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது, கூடவே இன்னொன்றும் சொன்னது, நல்லதாகப் போச்சு, அவர்களே வேண்டாம் என்றுவிடுவார்கள். அந்த இரண்டாவது குரலை அவள் கேட்டாள், அடையாளம் கண்டாள், அது பேசி முடிக்கட்டும் என்று விட்டாள். “பிடிக்காதவங்களுக்கு ஏன்மா?” என்றார் பெரியவர். “அவ டயாலிசிஸ்ல இருக்கும்போது பாக்கப் போனேன் சார். அந்த வார்டுல ஆறு கட்டில். எல்லாருக்கும் தண்ணி அளவுதான். ஒரு நாளைக்கு மொத்தமே மூணு டம்ளர், கஞ்சி, குழம்பு எல்லாம் சேத்து. செவுத்துல டிவி ஓடிட்டு இருந்துச்சு. அதுல ஒரு விளம்பரம் வந்துச்சு. ஒரு பையன் வெயில்ல வெளையாடிட்டு வந்து பாட்டில அப்படியே கவுத்துக் குடிக்கிறான், கழுத்தெல்லாம் வழியுது. ஆறு பேரும் பேசிட்டு இருந்தாங்க. பேச்சு நின்னு போச்சு. ஆறு பேரும் அதப் பாக்குறாங்க. அவளும் பாக்குறா. வாய லேசாத் தெறந்துட்டு.” அவள் நிறுத்தினாள். இது தன்னிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசியது அதற்குப் பத்து நிமிஷம் கழித்து. பத்து நிமிஷம்தான். “அவ தண்ணி குடிக்கணும் சார். வேற ஒண்ணும் இல்ல.”

“இரக்கம்னு சொல்றீங்க,” என்றார் ஓரத்தில் இருந்தவர். “தெரியல சார். இரக்கம்னா மனசு எளகும்னு சொல்றாங்க. எனக்கு அவளப் பாத்தா இன்னிக்கும் எரிச்சலாத்தான் வருது.” பருத்திச் சேலைக்காரப் பெண் முன்னால் சாய்ந்தாள். கேட்ட விதத்தில் சந்தேகம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. “அவங்க வயிறு நெறைய குடிக்கிறதப் பாத்தா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். அதுக்காகத்தான?” மங்களேஸ்வரி யோசித்தாள். அவசரப்படாமல், கழுவிய குடுவையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறவள் போல யோசித்தாள். “இருக்கலாம்மா. ஆனா நான் பாக்கணும்னு இல்ல. நான் இல்லாத எடத்துல, எனக்குத் தெரியாமக் குடிச்சாலும் சரிதான்.” “குடிச்சா உங்களுக்கு என்ன?” “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவளுக்குத்தான தாகம்.”

பெரியவர் முன்னாலிருந்த தாளில் விரலை வைத்து வரியைத் தேடினார். “காரணம்னு இதுல மூணு போட்டிருக்கும்மா. அன்பு. பற்று. வேறு சிறப்புக் காரணம். எல்லாருக்கும் மொதல்லதான் டிக் போடுவோம்.” பேனாவைத் திறந்தார், மற்றவர்களைப் பார்த்தார், அவர்கள் தலையசைத்தார்கள். மூன்றாவதில் போட்டார். “பதினேழாம் தேதி ஆபரேஷன் வச்சுக்கச் சொல்றேன். தைரியமா இருங்க.” அவள் எழுந்து நின்றாள். டம்ளர் நிறைந்தபடியே மேசையில் இருந்தது, அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் பதினேழு என்ற எண் அவளுக்கு உறைத்தது. இன்னும் ஒன்பது நாள். ஹசீனா டாக்டரின் அறை முதல் மாடியில், இடது பக்கம் மூன்றாவது. கதவு திறந்திருந்தது, டாக்டர் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார். மங்களேஸ்வரி உள்ளே நுழையாமல் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

கீழே ரத்தினம் சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் ஊதி, கால் இரண்டும் வீங்கி, ஆனால் தலையில் பூ வைத்திருந்தாள், இந்த நிலைமையிலும் பூ. மங்களேஸ்வரிக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. வரட்டும் என்று விட்டாள். “என்னக்கா சொன்னாங்க?” “பதினேழாம் தேதி.” செந்தூர்பாண்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான், பிறகு அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்வதாகச் சொல்லி வெளியே போய்விட்டான். ரத்தினம் போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள். “என்கிட்டயும் அதத்தான் கேட்டாங்க. அவங்க உங்களுக்கு ஏன் குடுக்குறாங்கன்னு. எனக்குத் தெரியலன்னு சொன்னேன்.” “நல்லது.” “நெசமாவே தெரியலக்கா.” “சரி, விடு.” காலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டை ஒட்டிக்கொண்டது. செந்தூர்பாண்டி விட்டுப்போன தண்ணீர் பாட்டில் ஜன்னல் திட்டில் இருந்தது. மங்களேஸ்வரி அதை எடுத்துக்கொண்டு, ரத்தினத்தின் கண் படாத இடமாகக் கதவுக்குப் பின்னால் போய் நின்று மூடியைத் திருகினாள்.

“இங்க வந்து குடிங்க,” என்றாள் ரத்தினம்.

“இருக்கட்டும்.”

“ஒளிஞ்சு குடிக்க வேணாம்க்கா. எல்லாரும் ஒளிஞ்சுதான் குடிக்குறாங்க. எம் பிள்ளைங்க கூட அடுப்படிக்குப் போயிருதுங்க. இங்க உக்காந்து குடிங்க.”

மங்களேஸ்வரி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அண்ணாந்து பாட்டிலைச் சாய்த்தாள். தண்ணீர் சில்லென்று இறங்கியது, தொண்டையில் சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை, அவ்வளவு தாகம். பாதி பாட்டில் ஆனதும் மூச்சு வாங்க இறக்கினாள். ரத்தினம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு லேசாகப் பிரிந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள் ரத்தினம். “மெதுவா.”

மங்களேஸ்வரிக்குத் தாகம் அடங்கிவிட்டது. பாட்டிலை மறுபடியும் உயர்த்தி, மெதுவாகக் குடித்தாள்.